சொந்தக் காலில் நிற்கும் சித்திரக்கதை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய அமைப்பைத் தொடங்குவது எளிது; பத்தாண்டுகள் இடைவிடாமல் கூட்டுவது அரிது. அந்த அரிய செயலைச் செய்து முடித்திருக்கும் வட்டத்தினரை முதற்கண் வாழ்த்துகிறேன். கவிதைக்கும் சிறுகதைக்கும் நாவலுக்கும் அரங்கு அமைத்த இவ்விழாவில், சித்திரக்கதைக்கும் ஓர் இருக்கை போட்டிருக்கிறீர்கள். அதற்காகத் தனியே நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

சித்திரக்கதை இலக்கியமா என்னும் வழக்கை இன்று நான் எடுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டி அப்பால் செல்கிறேன். 'எழுதுதல்' என்னும் சொல் பழந்தமிழில் ஓவியம் தீட்டுவதையும் குறித்தது. இன்றும் நம் வீடுகளில் கண்ணுக்கு மை எழுதுகிறார்கள். எழுத்தையும் ஓவியத்தையும் ஒரே வினையால் சுட்டிய மொழிக்கு, இரண்டும் கலந்த ஒரு கலை அயலானதாக இருக்க இயலாது.

எனக்குத் தரப்பட்ட பொருள், சொந்தமாகச் சித்திரக்கதை படைத்து வெளியிட விரும்பும் இளைஞர்களுக்குச் சில யோசனைகள் கூறுவது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பெற்று வரைந்து கொடுப்போரைப் பற்றிய பேச்சன்று இது. தாமே கதை அமைத்து, தாமே வரைந்து, தாமே அச்சிட்டு, தாமே விற்க முன்வருவோரைப் பற்றியது. அத்தகையோரிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. சுதந்திரப் படைப்பாளி என்றால் முதலாளி இல்லாதவர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், முதலாளியின் கவலைகள் அனைத்தையும் தம் தோளில் ஏற்றிக்கொண்டவரே சுதந்திரப் படைப்பாளி. கணக்கு, காலக்கெடு, உரிமை ஆகிய மூன்றையும் பார்க்க மறுப்பவர், எவ்வளவு அழகாக வரைந்தாலும், இறுதியில் வேறொருவரின் கையை எதிர்பார்த்தே நிற்க நேரும்.

மாயாவியின் கையும் வரைந்தவர் கையும்

1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. சிவகாசியிலிருந்து வந்த இவ்விதழ்கள் தமிழில் ஒரு வாசகர் கூட்டத்தையே உருவாக்கின. இந்த அவையிலும் மாயாவியை அறியாதவர் குறைவாகவே இருப்பர். ஆனால் அந்தக் கையை வரைந்த கை யாருடையது என்று கேட்டால் எத்தனை பேர் விடை கூறுவோம்? பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர் அது. அதன் புகழ்பெற்ற ஓவியர் ஸ்பெயின் நாட்டவரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அக்காலத்து பிரிட்டன் வார இதழ்களில் கதாசிரியர் பெயரையும் ஓவியர் பெயரையும் அச்சிடும் வழக்கம் இல்லை. படைப்பு உலகெல்லாம் சுற்றியது. படைத்தவர் பெயர் அச்சகத்து வாசலைக்கூடத் தாண்டவில்லை.

பெயர் போவது ஓர் இழப்பு. பெயரோடு பொருளும் போவது அதனினும் பெரிய இழப்பு. இதற்குச் சான்று தேடி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். சொந்தமாகச் சித்திரக்கதை படைப்பதன் துயரம், பொறுமை, வெற்றி ஆகிய மூன்றையும் அந்த ஒரு மாநிலத்திலேயே பார்த்துவிடலாம்.

130 டாலர்

ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், 1930களின் தொடக்கத்தில், ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரண்டு இளைஞர்கள் இருந்தனர். ஒருவர் எழுதுவார்; மற்றவர் வரைவார். இருவரும் சேர்ந்து சூப்பர்மேன் என்னும் பாத்திரத்தைப் படைத்தார்கள். பல இடங்களில் அது மறுக்கப்பட்டது. கடைசியில் 1938 மார்ச்சில், 13 பக்கக் கதையையும் அதன் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு விற்றுக் கையெழுத்திட்டுக் கொடுத்தனர். அந்த ஆண்டிலேயே சூப்பர்மேன் அச்சில் வெளிவந்தான். அதன்பின் அவன் எவ்வளவு பொருள் ஈட்டினான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உரிமையை மீட்க அவ்விருவரும் நீதிமன்றம் சென்றனர். பாத்திரத்தின் உரிமை அவர்களுக்குத் திரும்பவில்லை. முதுமையில், வறுமை ஊரறிந்த செய்தியான பிறகு, 1975இல் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை அளிக்கவும், கதைகளில் இருவர் பெயரையும் மீண்டும் இடவும் நிறுவனம் இசைந்தது. அதாவது, உரிமையை விற்று 37 ஆண்டுகள் கழித்துத் தம் படைப்பின்மீது தம் பெயரை மீண்டும் காணும் பேறு பெற்றனர்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டவர்கள் அறிவிலிகள் அல்லர். கதை அச்சில் வரவேண்டும் என்னும் தவிப்பு அவர்களுக்கு இருந்தது. அந்தத் தவிப்பு இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வோர் இளைஞரிடமும் இருக்கிறது. நம் கதையை ஒருவர் கேட்டு வருகிறார் என்றவுடன் மனம் நெகிழ்ந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்திடத் தோன்றும். அந்த நேரத்தில் 130 டாலரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுச் சட்டம் இதில் படைப்பாளிக்கு ஓரளவு துணை நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவான கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. எழுத்துக்கும் ஓவியத்துக்கும் படைத்தவர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். உரிமையை மாற்றித் தருவதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும், எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்பன குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. ஆகவே 'எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், எல்லா நாட்டிலும்' என்னும் தொடரை ஒப்பந்தத்தில் கண்டால், அங்கே நிறுத்தி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு மேலே செல்லுங்கள். ஒருமுறை அச்சிட மட்டும் உரிமை தருவது, நூல் வடிவத்துக்கு மட்டும் தருவது, தமிழுக்கு மட்டும் தருவது என்று உரிமையைப் பகுத்துத் தரவும் வழி உண்டு. வீட்டை வாடகைக்கு விடுகிறவர் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிடுவதில்லை.

வரையத் தெரியாதவர் படைத்த சித்திரக்கதை

அதே கிளீவ்லாந்து நகரில் இன்னொருவர் இருந்தார். ஹார்வி பீக்கர் என்பது அவர் பெயர், 1939இல் பிறந்தவர். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் கோப்புகளை அடுக்கி எடுத்துக் கொடுக்கும் எழுத்தர். அவருக்கு வரையத் தெரியாது. ஜாஸ் இசைத்தட்டுகள் சேர்ப்பதில் தீராத விருப்பம். அந்த விருப்பமே 1962இல் ராபர்ட் கிரம் என்னும் ஓவியரை அவருக்கு நண்பராக்கியது. சித்திரக்கதையில் வீர சாகசமும் வேடிக்கையும் மட்டுமே வரவேண்டுமா, ஓர் எழுத்தரின் அன்றாட வாழ்க்கை வரக்கூடாதா என்று பீக்கர் எண்ணினார். குச்சி மனிதர்களைக் கட்டம் கட்டமாகக் கிறுக்கி, அவர்கள் வாயில் உரையாடலை எழுதி நண்பரிடம் காட்டினார். கிரம் அதை வரைந்து தந்தார்.

1976இல் பீக்கர் தம் கைப்பணத்தைப் போட்டு 'அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்' என்னும் இதழை வெளியிட்டார். ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்றாக, 1990களின் தொடக்கம் வரை தாமே பதிப்பித்தார். கடையில் பணம் செலுத்த வரிசையில் நிற்பது, அலுவலகத்தில் உடன் பணிபுரிவோரின் பேச்சு, பழுதாகும் வண்டி, தனிமை ஆகியவையே அவருடைய கதைப்பொருள். 1987இல் அவர் தொகுதிக்கு அமெரிக்க நூல் விருது கிடைத்தது. 2003இல் அது திரைப்படமாகி சன்டான்ஸ் விழாவில் முதற்பரிசு பெற்றது. இவ்வளவுக்கும் இடையில் அவர் தம் எழுத்தர் வேலையை விடவில்லை. 2001இல்தான் பணி ஓய்வு பெற்றார்.

இவர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, வரையத் தெரியவில்லை என்பது சித்திரக்கதை படைக்கத் தடையன்று. ஆனால் எழுத்தாளர் ஓவியரிடம் கொடுக்க வேண்டியது சிறுகதையை அன்று. ஒரு பக்கத்தில் எத்தனை கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் யார் எங்கே நிற்கிறார், என்ன பேசுகிறார் என்பதைக் குச்சி மனிதர்களைக் கொண்டாவது காட்டும் வரைவைக் கொடுக்க வேண்டும். 'அவன் தன் இளமைக் காலத்தை எண்ணி நெடுநேரம் ஏங்கினான்' என்று எழுத்தாளர் ஒரு வரியில் எழுதிவிடலாம். ஓவியர் அதற்கு எதை வரைவார்? கையில் ஒரு பழைய புகைப்படம் வேண்டுமா, பூட்டிய பள்ளிக்கூடத்து வாசல் வேண்டுமா என்பதை முடிவு செய்வது எழுதுகிறவர் வேலை.

இரண்டாவது, கதைப்பொருளுக்காக வேறு உலகம் தேட வேண்டியதில்லை. மொழிபெயர்ப்புச் சித்திரக்கதைகளைப் படித்து வளர்ந்த நமக்கு, பேனாவை எடுத்தவுடன் துப்பறியும் நிபுணரும் துப்பாக்கியும் மேலைநாட்டுப் பாலைவனமும் வந்து நிற்கின்றன. அவற்றை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் நம்மினும் நன்றாக வரைந்துவிட்டார்கள். தீப்பெட்டி ஒட்டும் வீட்டையும், நியாயவிலைக் கடை வரிசையையும், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர் பேருந்து நிலையத்தில் கழிக்கும் இரவையும் அவர்களால் வரைய இயலாது. 1994இல் ஒரிஜித் சென் வெளியிட்ட 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' நர்மதை அணையை எதிர்த்த மக்களின் கதையை எடுத்துக்கொண்டது. இந்தியச் சித்திரக்கதையின் வரலாற்றைப் பேசும்போது அதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

மூன்றாவது, வேலையை விடாதீர்கள். இதைக் கேட்டு இளைஞர்கள் முகம் சுளிக்கக் கூடும். மாதச் சம்பளம் கலைக்குப் பகை என்பது ஒரு பழைய நம்பிக்கை. அடுத்த வேளை அரிசிக்காகக் கதையை விற்க வேண்டிய நிலையே கலைக்குப் பெரிய பகை. பீக்கருக்கு மருத்துவமனை வேலை இருந்தது. ஆகவே, தம் கதையை மாற்றச் சொல்லும் உரிமையை அவர் எவருக்கும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இருவர் சேர்ந்து இழுத்த தேர்

ஒஹாயோவின் தலைநகர் கொலம்பஸ். அங்கே ஜெஃப் ஸ்மித் என்னும் ஓவியர், நண்பர்களுடன் கார்ட்டூன் படங்கள் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தார். 1991இல் 'போன்' என்னும் சித்திரக்கதையைத் தாமே பதிப்பிக்கத் தொடங்கினார். எலும்பு என்பது அச்சொல்லின் பொருள். வெள்ளை நிறத்துக் குட்டி மனிதர்கள் மூவர் ஒரு பள்ளத்தாக்கில் வழி தவறி வந்து சேரும் கதை. கறுப்பு வெள்ளையில் வந்தது. தொடக்கத்தில் வரைவது, அச்சகத்துக்கு அனுப்புவது, கடிதம் எழுதுவது, கணக்கு வைப்பது எல்லாம் ஸ்மித்தே. வேலை பெருகப் பெருக, வரைய நேரமில்லை. அந்நிலையில் அவர் மனைவி விஜயா ஐயர் தம் வேலையை விட்டு வந்து பதிப்பகப் பொறுப்பை ஏற்றார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் இங்கே சிலர் நிமிர்ந்து உட்கார்வதைக் காண்கிறேன். ஊர் எது, உறவு எது என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். அவர் செய்த வேலையைப் பார்ப்போம். அச்சு, வழங்கல், வரவு செலவு, ஒப்பந்தம் ஆகியவற்றை அவர் கவனித்தார், ஸ்மித் வரைந்தார். 55 இதழ்கள் வந்து, 2004இல் கதை முறையாக முடிந்தது. 1,300 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரே தொகுதியாகவும் அது வெளிவந்தது. 2005 முதல் ஒரு பெரிய பதிப்பகம் அதை வண்ணத்தில் வெளியிட, பள்ளிப் பிள்ளைகள் கையில் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெரிய பதிப்பகம் வந்தபோது ஸ்மித் தம்பதியரிடம் முழு உரிமையும் இருந்தது. அதனால் கேட்டுப் பெறும் இடத்தில் அவர்கள் இருந்தார்கள். 1938இன் இளைஞர்களுக்கு அந்த இடம் வாய்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொடர்கதையின் பழைய இதழ் கிடைக்காவிட்டால் புதிய வாசகர் உள்ளே நுழைய மாட்டார். இவர்கள் 1993 முதலே இதழ்களைத் தொகுத்து நூல்களாக்கினார்கள். நம் சிறு வெளியீடுகளில் பல, இரண்டாம் இதழ் வரும்போது முதல் இதழ் கிடைக்காமல் போவதாலேயே வாசகரை இழக்கின்றன.

ஒருவர் வெற்றியைக் கண்டு மற்றவர் அதே அச்சில் வார்க்க முற்படுவதன் விளைவையும் சொல்லிவிடுகிறேன். 1984இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கெவின் ஈஸ்ட்மன், பீட்டர் லெயர்டு என்னும் இருவர் கடன் வாங்கி, ஏறத்தாழ 3,000 படிகள் அச்சிட்ட கதைதான் நிஞ்சா ஆமைகள். அது விற்றுத் தீர்ந்தது. உடனே ஆமையின் இடத்தில் வெள்ளெலியை வைத்துக்கூடக் கதைகள் புறப்பட்டன. அந்நாட்டுச் சித்திரக்கதைக் கடைகள், விற்காத படிகளைத் திருப்பித் தர இயலாத முறையில் கொள்முதல் செய்பவை. வாங்கி அடுக்கிய குப்பை கடைக்காரர் தலையில் விழுந்தது. 1987 வாக்கில் கறுப்பு வெள்ளை இதழ்களின் சந்தையே சரிந்தது. நல்ல இதழ்களும் அதில் நசுங்கின.

நம் பக்கத்துக் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். தொழில் சார்ந்த சில செய்திகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதல் முயற்சி எட்டுப் பக்கமாக இருக்கட்டும். முந்நூறு பக்கக் காவியத்தின் முதல் இருபது பக்கங்களை வரைந்து வைத்திருப்போர் பலர். முடித்த எட்டுப் பக்கங்களை வைத்திருப்போர் சிலரே. முடித்துப் பழகுவதும் ஒரு திறமை. கதையின் முடிவை எட்டியவருக்கே தொடக்கத்தில் எது தேவையற்றது என்பது தெரியும்.

அச்சுத்தாள் மடிப்பை மனத்தில் வைத்துப் பக்கங்களைத் திட்டமிடுங்கள். நம் அச்சகங்களில் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்பது வழக்கு. 32 பக்கக் கதைக்கு இரண்டு ஃபாரம். 34 பக்கம் வரைந்துவிட்டு அச்சகத்துக்குப் போனால், இரண்டு பக்கத்துக்காக வீண் செலவு வரும். அச்சாகும் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து சுருக்குவது நல்ல முறை. ஆனால் சுருக்கும்போது மெல்லிய கோடுகள் மறைந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எழுத்துப் பதிப்பில் தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்னும் ஒரே சொல்லில் 13 எழுத்துகள். ஒரு சிறு பலூனின் அகலம் முழுவதையும் அது விழுங்கிவிடும். உடைத்தால் படிக்க இடறும். பேச்சு வழக்கில் 'போறாங்க' என்றால் 4 எழுத்தில் முடிகிறது. உரையாடலைப் பேச்சு மொழியில் அமைப்பது உயிர்ப்புக்கு மட்டுமன்று, இடத்துக்கும் நல்லது. படத்தை வரைந்துவிட்டு மிஞ்சிய மூலையில் வசனத்தைத் திணிப்பது நம்மிடையே காணும் பெருங்குறை. எழுத்துக்கு உரிய இடத்தை முதலில் அளந்து ஒதுக்கிவிட்டுப் பிறகு படத்தை வரைய வேண்டும். முதலில் பேசுபவர் இடப்பக்கம் நின்றால் பலூன்கள் தாமாகவே ஒழுங்கில் அமையும். கோபத்தோடு கதவைத் தட்டுபவரை வரைந்துவிட்டு, மேலே 'அவர் கோபத்தோடு கதவைத் தட்டினார்' என்று எழுதுவது வாசகரின் கண்ணை நம்பாத செயல்.

அடுத்து, பணம். எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்குப் போடுவோம். 500 படிகள் அச்சிட 20,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்; படிக்கு அடக்கம் 40 ரூபாய். விலை 100 ரூபாய். கடைக்காரருக்கு 35 விழுக்காடு கழிவு போனால் நம் கைக்கு 65 ரூபாய். போட்ட முதலை எடுக்கக் கடைகள் வழியாக 308 படிகள் விற்க வேண்டும். நேரடியாக வாசகரிடம் விற்றால் 200 படிகள் போதும். இதில் தபால் செலவும் சேரவில்லை. இரண்டு பேரின் ஆறு மாத உழைப்புக்குக் கூலியும் சேரவில்லை. 'படிக்கு 60 ரூபாய் இலாபம்' என்று மனக்கணக்குப் போட்டு 2,000 படிகள் அச்சிட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருப்போர் நம்மிடையே உண்டு. நம் கடைகள் பெரும்பாலும் விற்ற பின்பே பணம் தருவன. விற்காதவை நம்மிடமே திரும்பி வரும். எனவே குறைவாக அச்சிடுங்கள். இன்றைய டிஜிட்டல் அச்சில் நூறு படிகளும் எடுக்கலாம். படிக்கு அடக்கம் கூடும். ஆனால் முடங்கும் பணம் குறையும். சந்தா கட்டிக் காத்திருந்து இதழ் பெறும் பழக்கம் தமிழ்ச் சித்திரக்கதை வாசகர்க்குப் புதிதன்று. முன்பதிவு வாங்குங்கள், ஆனால் சொன்ன தேதியில் கொடுங்கள். முன்பணம் வாங்கிவிட்டுத் தேதியைத் தவறவிடுகிறவர், தமக்கு மட்டுமன்றித் தமக்குப் பின்னால் வரும் புதியவர்களுக்கும் கதவை அடைக்கிறார்.

கடைசியாக, எழுத்தாளரும் ஓவியரும் தமக்குள் செய்துகொள்ள வேண்டிய உடன்பாடு. இதைத்தான் எல்லாவற்றினும் வலியுறுத்த விரும்புகிறேன். நண்பர்களுக்குள் காகிதம் எதற்கு என்று கேட்பார்கள். பகைவர் இருவர் கூட்டாகப் படைப்பதில்லை. ஆகவே நண்பர்களுக்குத்தான் காகிதம் வேண்டும். அதிலும், விலை கொடுத்து வரையச் செய்த சில வகை ஓவியங்களில், மாறான உடன்பாடு இல்லையெனில், விலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் ஆகிவிடக் கூடும் என்பதும் நம் சட்டத்தில் உண்டு. ஓவியர் இதை அறிந்திருக்க வேண்டும். எழுத்தாளரும் இதை மறைக்கக் கூடாது. ஒரு பக்கம் போதும். கதையும் பாத்திரங்களும் யாருக்குச் சொந்தம். வரவு எந்த விகிதத்தில் பகிரப்படும். செலவை யார் ஏற்பது. மூலப்படங்கள் யாரிடம் இருக்கும். ஒருவர் விலகினால் மற்றவர் தொடரலாமா. திரைப்படத்துக்குக் கேட்டால் யாரைக் கேட்டு முடிவெடுப்பது. அட்டையில் இருவர் பெயரும் ஒரே அளவில் வருமா. இந்த ஏழு கேள்விகளுக்கும் முதல் கட்டம் வரைவதற்கு முன்பே விடை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எழுதுகிறவர் ஒரு நாளில் எழுதும் பக்கத்தை வரைய ஓவியருக்கு நான்கைந்து நாள் ஆகலாம். பங்கைப் பேசும்போது இந்த உழைப்பும் நினைவில் இருக்கட்டும்.

வட்டம் என்னும் சொல்

ஜப்பானில் சொந்தமாகச் சித்திரக்கதை வெளியிடும் குழுக்களை 'சர்க்கிள்' என்றே அழைக்கிறார்கள்; அதாவது, வட்டம். 1975 டிசம்பரில் டோக்கியோவில் 32 வட்டங்கள் கூடித் தம் இதழ்களைத் தாமே மேசை போட்டு விற்றன. வந்தவர் ஏறத்தாழ 700 பேர். 'காமிக் மார்க்கெட்' என்று பெயர் பெற்ற அந்தச் சந்தைக்கு 2019இல் நான்கு நாள்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அந்த 32 மேசைகளுக்குப் பின்னால் அரசு உதவி இல்லை. பெரிய பதிப்பகம் இல்லை. ஒருவர் இதழை ஒருவர் வாங்கிப் படிக்கும் பழக்கம் இருந்தது.

அந்தப் பெயர்ப் பொருத்தத்தை முன்னிட்டு, நம் வட்டத்திடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். ஆண்டுதோறும் வெளியிடும் மலரில் எட்டுப் பக்கத்தைச் சித்திரக்கதைக்கு ஒதுக்குங்கள். எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் ஒரே அளவில் அச்சிடுங்கள். ஒருமுறை அச்சிடும் உரிமையை மட்டும் பெற்றுக்கொண்டு, ஏனைய உரிமைகள் படைத்தோருக்கே என்று அதன் கீழ் ஒரு வரி சேருங்கள். மாதக் கூட்டங்களில் ஒன்றில் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் எதிரெதிரே உட்கார வையுங்கள். பீக்கருக்கு ஒரு கிரம் கிடைத்தது இசைத்தட்டுகளின் தயவால்; நம் இளைஞர்களுக்கு அந்த வாய்ப்பை இந்த அரங்கு ஏற்படுத்தித் தரட்டும்.

இளைய நண்பர்களே, உங்களில் எவரேனும் அடுத்த ஆண்டு மலருக்குள் முடித்த எட்டுப் பக்கங்களோடும், இருவர் கையெழுத்திட்ட ஒரு காகிதத்தோடும் வந்தால், இந்த உரைக்கு அதைவிடச் சிறந்த பாராட்டு வேண்டியதில்லை. அந்த மலரில் உங்கள் பெயர்களைப் படிக்கக் காத்திருக்கிறேன்.